நாலும் சரி

ஷென்யாங்
செப்டம்பர் 9

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

நாங்கள் ஓடிப்போய்விட்டோம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். மறுதேர்வுப் பள்ளிக்கு எதிரே, மூன்றாவது மாடியில் ஓர் அறையில் இருக்கிறோம். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, ஜன்னல் அரை. மீதி அரை ஜன்னல் பக்கத்து அறைக்காரிக்கு. நடுவில் பலகை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு அம்மாக்கள். பிள்ளைகள் எல்லோரும் போன ஜூனில் கல்லூரி நுழைவுத் தேர்வில் மதிப்பெண் கோட்டைத் தொடாமல் போனவர்கள். அம்மாக்கள் சமைத்துப் போடவும் துவைத்துப் போடவும் கூடவே வந்தவர்கள்.

போனில் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுக்காரி எங்கள் போன்களை வாங்கித் தகர டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டாள். "பிள்ளைக்கு இல்லாத போன் அம்மாவுக்கு எதுக்கு?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தருவாளாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு எரியும். எழுத்து என்றால் கோபத்தை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தத் தாளில் எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னீர்கள்? "இங்கிலீஷ்ல எழுபத்தொண்ணு. நூத்தம்பதுக்கு! இந்தப் பொண்ணுக்குத் தலை வேலை ஒத்துவராது. நாளையிலிருந்து என்கூட மட்டி பொறுக்கச் சேத்துல இறங்கட்டும்." அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். நீங்கள் இன்னொரு மட்டியை உடைத்துத் தின்றீர்கள்.

மற்றப் பாடமெல்லாம் அவள் எப்படியும் தேறிவிடுவாள். காலை வாருவது ஆங்கில வாசிப்புதான். நான்கு பத்தி, பதினைந்து கேள்வி. போன தடவை ஆறுதான் சரி. ஒரே ஒரு வருடம் கொடுங்கள். அடுத்த ஜூனிலும் விழுந்தால் நானே அவளுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி மாட்டி உங்களோடு அனுப்புகிறேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

பஸ்காரர் காவிடம் கனத்த போர்வை, கருவாடு, உப்பு வாத்து முட்டை, புளித்த முட்டைக்கோஸ் ஜாடி எல்லாம் கொடுத்தனுப்பவும். நீங்கள் வர வேண்டாம்.

பெய்ரோங்

—

தோங்காங்
செப்டம்பர் 21

பெய்ரோங்குக்கு,

பதினேழு இடத்தில் அடித்திருக்கிறாய். இரண்டு இடத்தில் அடித்தும் படிக்க முடிந்தது. நன்றாக இருக்கிறது.

நான் தெருவில் ஒன்றும் சொல்லவில்லை. தெருதான் என்னிடம் சொல்கிறது. "உன் பொண்டாட்டி பஸ் ஏறினதைப் பார்த்தேன், கையில சட்டி கூட எடுத்துட்டுப் போறா" என்று கிழவன் தாங் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். கட்டின புருஷன் நான், செய்தியைத் தாங்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சேற்றில் இறங்குவது என்ன அவ்வளவு கேவலமா? இருபத்தாறு வருடமாக இறங்குகிறேன். நீ தின்றதும் அவள் தின்றதும் அந்தச் சேற்றிலிருந்து வந்ததுதான். அவள் அழுததைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க அழுது, இன்னொரு வருடமும் அழ வேண்டுமா என்றுதான் அப்படிச் சொன்னேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீ கேட்டதெல்லாம் அனுப்பியிருக்கிறேன். வாத்து முட்டை நாற்பது. காலி ஜாடிகளைத் திருப்பி அனுப்பு, வீட்டில் இரண்டுதான் மிச்சம். அவள் சாப்பிடுகிறாளா?

தேஷுன்

—

ஷென்யாங்
நவம்பர் 26

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள். அரைக் கிண்ணம்.

பதினொன்று! பதினைந்துக்குப் பதினொன்று சரி. ஆறிலிருந்து பதினொன்று. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஆங்கிலத்துக்கு ஃபூ என்று ஒரு வாத்தியார். பெற்றோர் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னார்: "பத்தியைப் படிக்காதீங்க. படிக்கிறதெல்லாம் பல்கலைக்கழகம் போன பிறகு வச்சுக்கலாம். இங்க நடக்கிறது வேட்டை." முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டுமாம். அதில் ஒரு பெரிய எழுத்துச் சொல்லோ எண்ணோ இருக்கும். அதே சொல்லைப் பத்திக்குள் கண்ணாலேயே துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்த வரி, அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. முடிந்தது, வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். ஒரு பத்திக்கு ஏழு நிமிடம். நிங்நிங் இப்போது ஆறிலேயே பிடித்துவிடுகிறாள்.

எனக்கும் வேலை உண்டு. இங்கே எல்லா அம்மாக்களும் செய்கிற வேலை. வாராவாரம் வரும் விடைத்தாள்களில் தப்பான கேள்விகளை மட்டும் கத்தரியால் வெட்டித் 'தவறுகள் நோட்டில்' ஒட்ட வேண்டும். ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்து தெரிந்தால் போதும், அம்மா வேலைக்கு நான் தேறிவிட்டேன். நோட்டு இப்போதே இரண்டு விரல் கனம். எல்லாம் சரியாகப் போட்ட பத்திகள் கழிவுத் தாள். அவற்றில்தான் ஜாடிகளைச் சுற்றி அனுப்புகிறேன், உடையாமல் வருகிறதல்லவா?

தலை வேலை ஒத்துவராது என்றீர்களே. பதினொன்று.

பெய்ரோங்

—

தோங்காங்
ஜனவரி 8

பெய்ரோங்குக்கு,

பதினொன்றுக்குச் சந்தோஷம். காவிடம் கொடுத்த மீன் அதற்காகத்தான்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். நேற்று வந்த ஜாடியைப் பிரித்தேன். சுற்றியிருந்த தாளில் ஒரு பறவைப் படம். எனக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் அந்த மூஞ்சியை எங்கே பார்த்தாலும் தெரியும். நீண்ட அலகு, நுனியில் கொஞ்சம் மேல்நோக்கின வளைவு. நம் ஊசிமூக்கன்! ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரம் ஆயிரமாக வந்து நான் விதைத்த மட்டிக் குஞ்சைத் தின்றுவிட்டுப் போகிற அதே திருடன். இவன் நுழைவுத் தேர்வுத் தாளில் என்ன செய்கிறான்? இவனைப் பற்றி எழுத இங்கிலீஷ்காரனுக்கு என்ன இருக்கிறது? இவன் தின்ற மட்டிக்கு நஷ்டஈடு தருகிறானா?

நிங்நிங்கிடம் கேட்டு எழுது. தாளைக் காயவைத்து அலமாரியில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் வாத்தியார் சிவப்பில் நான்கு சரிக்குறி போட்டிருக்கிறார். எல்லாம் சரி என்றால் அவளுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

தேஷுன்

—

ஷென்யாங்
ஜனவரி 20

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

கேட்டேன். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"பறவையா? எந்தப் பத்தி?"

"அப்பா அனுப்பின கடிதத்துல எழுதியிருக்காரு. நீண்ட மூக்கு. நீ நாலும் சரியாப் போட்டிருக்கியாம்."

"நாலும் சரின்னா சரிதான். விடுங்கம்மா."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? பத்தியைப் படிக்கலையே."

"படிக்காம எப்படிடி நாலும் சரி?"

"படிச்சிருந்தாதான் தப்பாயிருக்கும்!" என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டாள்.

அவள் சிரித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றுகொண்டது. துணி காயப்போடும்போது மற்ற அம்மாக்களிடம் கேட்டுப் பார்த்தேன். உங்கள் பிள்ளை எப்போதாவது ஒரு பத்தியில் என்ன இருந்தது என்று சொல்லியிருக்கிறதா? எல்லோரும் துணியை உதறிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கத்து அம்மா மட்டும், "எதுக்கு வம்பு? மார்க்கு வருதுல்ல?" என்றாள்.

ஆகவே இனிமேல் கேட்காதீர்கள். ஜூனுக்கு இன்னும் நான்கரை மாதம்தான். புத்தாண்டுக்குப் பள்ளி நான்கு நாள் விடுகிறது. நாங்கள் வரவில்லை.

பெய்ரோங்

—

தோங்காங்
பிப்ரவரி 13

பெய்ரோங்குக்கு,

புத்தாண்டுக்கு எண்பது கொழுக்கட்டை பிடித்தேன். பழக்கத்தில் மூன்று பேருக்குப் பிடித்துவிட்டேன். மூன்று நாளாக அதையே தின்கிறேன்.

போனைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்லும் என்று தாங் சொல்கிறான். காட்டவா என்று போனை எடுத்தும் விட்டான். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. என் மகள் அந்தத் தாளில் உட்கார்ந்து நாலும் சரி வாங்கியிருக்கிறாள். எனக்கு அதை ஒரு போன் ஏன் சொல்ல வேண்டும்?

தாளைக் கிழியாமல் பிரித்து, மீன் பொட்டலத்தின் மேல் வைத்து அனுப்புகிறேன். எப்போது முடியுமோ அப்போது அவளே சொல்லட்டும். முடியாவிட்டால் ஜூனுக்குப் பிறகு. நான் காத்திருக்கிறேன்.

தேஷுன்

—

ஷென்யாங்
மார்ச் 24

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இரண்டாவது மாதிரித் தேர்வில் எட்டுதான் சரி. இந்தத் தடவை கேள்விகளில் இருந்த சொல் பத்தியில் இல்லையாம். அதே பொருளை வேறு சொல்லில் எழுதியிருக்கிறார்கள். வேட்டைக்குப் போனால் காட்டில் விலங்கே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சனியும் பள்ளிக்குப் போகவில்லை. இன்று ஞாயிறு மத்தியானம் சுவரிடமே பேசினாள்.

"அப்பா சொன்னதுதாம்மா சரி. என் தலை இதுக்கு இல்ல. வீட்டுக்குப் போயிடலாம். நான் சேத்துலயே இறங்கிடறேன்."

ஏழு மாதத்துக்கு முன் ஒரு தட்டு மட்டிக்கு நடுவில் நீங்கள் போட்ட சொல், அவளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அப்போது கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. கையில் கிடைத்தது அந்தத் தாள்தான்.

"சரி, போயிடலாம்" என்றேன். "போறதுக்கு முன்னாடி இதை மட்டும் உங்கப்பாவுக்குப் படிச்சுச் சொல்லிடு. பொங்கின சோறு ஆறிப்போச்சு, அந்த மனுஷன் இன்னும் காத்துக்கிட்டிருக்காரு."

எதற்கோ எழுந்து உட்கார்ந்தாள். அகராதியை எடுத்தாள். முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆனது. நான் கத்தரியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு பறவைம்மா. பொம்பளைப் பறவை. நியூசிலாந்துல கால்ல சின்னதா வெள்ளைக் கொடி கட்டி, உடம்புல ஒரு கருவியும் வச்சு விட்டிருக்காங்க, எங்க போகுதுன்னு பார்க்க. மார்ச் மாசம் கிளம்புது."

"எங்க போய் உட்காருது?"

"உட்காரல. கீழ முழுக்கக் கடல். இது நீந்தற பறவை இல்ல. இறங்கினா செத்துரும்."

"அப்ப சாப்பாடு?"

"சாப்பிடல. கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தின்னு கொழுப்பு ஏத்திக்குமாம். அப்புறம் பாரம் குறையணும்னு தன் குடலையே சுருக்கிக்குமாம்மா! இனி சாப்பாடு இல்லைன்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கு."

"தூக்கம்?"

"எப்படித் தூங்குதுன்னு யாருக்கும் சரியாத் தெரியலையாம். எட்டு நாள். ஒரு தடவை கூட நிக்காம. பத்தாயிரம் கிலோமீட்டர்."

அடுத்த வரியில் நின்றுவிட்டாள். விரல் ஒரு சொல்லின் மேல் இருந்தது. பிறகு கீழே கேள்விக்குப் போனாள், மறுபடி மேலே வந்தாள். முகம் வெளுத்துவிட்டது, நான் பயந்தே போனேன்.

"அம்மா. அந்தப் பறவை எங்க இறங்குச்சுன்னு கேள்வி. நான் சி போட்டிருக்கேன். சரிக்குறி இருக்கு." குரல் அடங்கிப் போனது. "சி நம்ம ஊரும்மா. யாலு ஆத்து முகத்துவாரம். நம்ம சேறு. பெரிய எழுத்துச் சொல்லுன்னு துரத்திப் புடிச்சு வட்டம் போட்டுட்டுப் போயிருக்கேன். என் ஊர் பேருன்னு கூடப் பார்க்கல."

நான் பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் இருக்கிறேன். நாற்பத்தைந்து வசந்தம். அவை பக்கத்து வயலிலிருந்து வருவதாக நினைத்திருந்தேன். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து என்றால்கூடச் சரி. பூமியின் அடியிலிருந்து! எட்டு நாள் கடலுக்கு மேல், ஒரு வாய்ச் சோறு இல்லாமல், நம் வீட்டு வாசலைக் குறிவைத்து வந்திருக்கின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகையும் வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

அப்போது பலகையை யாரோ தட்டினார்கள். சத்தம் போடுகிறோம் என்று சண்டைக்கு வருகிறாள் என நினைத்தேன். "ஏங்க," என்றாள் பக்கத்து அம்மா, "அப்புறம் அந்தப் பறவைக்கு என்ன ஆச்சு?"

நிங்நிங் மிச்சத்தைப் பலகைக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். நம் சேற்றில் ஆறு வாரம் தின்று, மறுபடி கிளம்பி, அலாஸ்காவில் முட்டை போடுமாம். வீட்டுக்குப் போகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஏதாவது எழுதுங்கள்.

பெய்ரோங்

—

தோங்காங்
ஏப்ரல் 7

பெய்ரோங்குக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உடனே எழுதவில்லை. முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பதினோரு வசந்தம் நான் அவற்றுக்குப் பட்டாசு போட்டிருக்கிறேன். பறவைக் காப்பகத்து ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் தகரத்தைத் தட்டி, சரம் கொளுத்தி எறிந்து, எழுப்பி விரட்டுவோம். அவை எழுந்து வட்டமடித்து மறுபடி அதே இடத்தில் இறங்கும். எவ்வளவு திமிர் என்று திட்டுவேன். திமிர் இல்லை, பெய்ரோங். வேறு எங்கும் போகத் தெம்பு இல்லை.

போன வியாழக்கிழமை கடல் உள்வாங்கியதும் தாங்கோடு போனேன். தெற்கே முதலில் புகை மாதிரித் தெரிந்தது. பிறகு புள்ளிகள். பொதுவாக ஒரே கத்தலாக இருக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. இறங்கியவை இறங்கிய இடத்திலேயே நின்றன. ஒன்று எனக்கு இருபது அடியில் இறங்கியது. இறக்கையை மடக்கக்கூட முடியவில்லை அதற்கு; இரண்டு பக்கமும் சேற்றில் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நெஞ்செலும்பு கத்தி மாதிரித் துருத்தியிருந்தது. காலில் ஒரு வெள்ளைக் கொடி.

நான் சரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏய் தேஷுன், பத்த வையேன்யா! விதையெல்லாம் திங்கப் போவுது பாரு" என்று தாங் கத்தினான்.

"திங்கட்டும்."

"என்னது?"

"அது சாப்பிட்டு எட்டு நாளாச்சுய்யா."

"உன்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்!"

"என் பொண்ணு சொன்னா. இங்கிலீஷ்ல படிச்சுச் சொன்னா."

சேற்றில் நின்றபடியே அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாதிவரை சிரித்தான். குடலைச் சுருக்கிக்கொள்ளும் இடத்தில் சிரிப்பை நிறுத்தினான். கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எதற்குக் கழற்றினாய் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தாறு வருடம் என் சேறு, என் மட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூமியின் அந்த முனையில் ஒரு பறவைக்கு என் சேறு தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அவள் தலை வேலை செய்யாமல் எனக்கு அது தெரிந்திருக்குமா?

அன்று சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் இந்த வரியை அப்படியே படித்துக் காட்டு. அப்பா தப்பாகச் சொல்லிவிட்டேன், நிங்நிங். மன்னித்துவிடு.

பழைய ஜாடித் தாள்கள் பத்தொன்பது இருக்கின்றன, கூடைக்கு அடியில் விரித்திருந்தேன். மற்றவற்றில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது. அனுப்புகிறேன்.

தேஷுன்

—

ஷென்யாங்
மே 12

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

அந்த வரியைப் படித்துக் காட்டினேன். போய் முகம் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளிக்குப் போனாள். அதை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இப்போது வேறு பயம். வேட்டையை விட்டுவிட்டாள். எந்தப் பத்தியானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறாள். நீங்கள் அனுப்பிய பத்தொன்பதையும் முடித்துவிட்டாள். தினமும் சாப்பிடும்போது எனக்கு ஒன்று. ஒரு தீவில் நாற்பது வருடமாக மழையை அளந்து எழுதிவைத்த தபால்காரி. கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கவென்று நட்சத்திரப் படம் செய்தவர். பலகைக்கு அந்தப் பக்கமும் அந்த நேரத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது. நான் வாய் பிளந்து கேட்கிறேன், பொய் சொல்வானேன். இவ்வளவும் நம் வீட்டு ஜாடியைச் சுற்றிக்கொண்டு போய் வந்திருக்கின்றன.

ஆனால் நேரம் போதவில்லை! மூன்றாவது மாதிரித் தேர்வில் முதல் மூன்று பத்தியில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. கடைசிப் பத்தியைத் தொடவே இல்லை. மொத்தம் பத்து. ஃபூ வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "கதை கேக்க வந்தீங்களா, பாஸ் பண்ண வந்தீங்களா?" என்றார். இன்னும் இருபத்தேழு நாள். இருபத்தேழு நாளைக்கு மட்டும் பழைய முறைக்குப் போ என்று நீங்கள் அவளுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

பெய்ரோங்

—

தோங்காங்
மே 20

பெய்ரோங்குக்கு,

எழுத மாட்டேன். நான் ஒரு தடவை அவளுக்கு வழி சொன்னேன். அது எவ்வளவு தூரம் போனது என்று நாம் இருவரும் பார்த்தோம்.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். சேற்றில் இறங்கிய முதல் வருடம், நான் அரைக் கூடை நிரப்புவதற்குள் கடல் திரும்பிவிடும். அப்பா என்னை அவசரப்படுத்தவில்லை. தினமும் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். இப்போது அதே நேரத்தில் மூன்று கூடை. கால் எப்போது வேகம் பிடித்தது என்று எனக்கே தெரியாது. அவளைத் தினமும் இறக்கிவிடு. கடிகாரத்தை நீ பிடித்துக்கொள். கத்தரியைக் கொஞ்ச நாள் கீழே வை.

நேற்று அவை கிளம்பின. ஆறு வாரத்தில் ஒவ்வொன்றும் உருண்டையாகிவிட்டது, நடக்கும்போதே ஆடுகிறது. இந்த வருடம் என் விதையில் பாதி அவற்றின் வயிற்றில். சாயங்காலம் காற்று திரும்பியதும் ஒன்றையொன்று கூப்பிட ஆரம்பித்தன. எழும், இறங்கும், மறுபடி எழும். பிறகு ஒரு கூட்டம் எழுந்தது, இறங்கவில்லை. வடகிழக்கே ஒரே கோடாகப் போனது. கண்ணுக்கு மறைகிற வரை நானும் தாங்கும் முழங்கால் சேற்றில் நின்றோம். கடல் ஏறிவருவதைக்கூடக் கவனிக்கவில்லை. பூட்ஸுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் ஓடினோம்.

அவளை நன்றாகச் சாப்பிடச் சொல். கிளம்புவதற்கு முன்னால்தான் சாப்பிட வேண்டும்.

தேஷுன்

—

ஷென்யாங்
ஜூன் 8

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

நேற்று முதல் நாள் என்று எல்லா அம்மாக்களும் ராசிக்காகச் சிவப்புப் பட்டு அங்கி உடுத்திக்கொண்டு வாசலில் நின்றோம். எனக்கு இடுப்பில் ஊசி குத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று ஆங்கிலம். கடிகாரம் பிடித்துப் பிடித்து ஒரு பத்திக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றிருந்தது எட்டரைக்கு வந்திருந்தது. எட்டரையும் அதிகம்தான். மூன்று மணிக்கு உள்ளே போனாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தார்கள். "கடைசிப் பத்தில ரெண்டாவது என்ன போட்ட?" "பி." "ஐயோ, நான் டி!" அம்மாக்கள் முகமெல்லாம் ஏறி ஏறி இறங்கியது. நம் பெண் கடைசியாக மெதுவாக வந்தாள். கண் எங்கோ இருந்தது. போச்சு என்று நினைத்துவிட்டேன்.

"அம்மா," என்றாள், "ஒரு பாசிம்மா."

"என்னடி?"

"சாதாரணப் பாசி. நம்ம கிணத்து ஓரத்துல இருக்குமே, அந்த மாதிரி. தென்துருவத்துப் பக்கம் பனிக்கு அடியில ஆயிரத்து ஐந்நூறு வருசமா உறைஞ்சு கிடந்துச்சு. செத்துப் போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. வெட்டி எடுத்து, வெளிச்சத்துல வச்சு, கொஞ்சம் தண்ணி காட்டினாங்க. அவ்ளோதாம்மா. துளிர் விட்டுச்சு! ஆயிரத்து ஐந்நூறு வருசம்! அதுக்குள்ள உயிர் இருந்திருக்கு!"

பரீட்சை மண்டபத்தில், வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிற இரண்டு மணி நேரத்துக்கு நடுவில், என் மகள் ஒரு பாசியைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள். கடைசி வட்டத்தைக் கறுப்பாக்கும்போது மணி அடித்ததாம். வழி முழுக்க நான்கு பத்தியையும் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து அம்மாவும் அவள் மகனும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பையன் "இதெல்லாமா அதுல இருந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மூன்றாவது மாடி ஏறி அறைக்கதவைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை சரியாக இருக்கும் என்று கேட்கவே இல்லை, நான்! ஒன்பது மாதமாகத் தப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவள். இப்போதும் கேட்கவில்லை. தூங்குகிறாள்.

பெய்ரோங்

—

ஷென்யாங்
ஜூன் 25

நிங்நிங்கின் அப்பாவுக்கு,

வீட்டுக்காரி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையில்தான் இருக்கிறது. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வருகிற காவிடம் கொடுக்காமல், தபாலில் போடுகிறேன். எங்களுக்கு முன்னால் வந்துவிட வேண்டும்.

ஆங்கிலம் நூற்றுப் பதினெட்டு. மொத்தத்தில் பல்கலைக்கழகக் கோட்டுக்கு மேல் இருபத்தாறு. ஆமாம், இன்னொரு தடவை படியுங்கள். நானும் பல தடவை படித்தேன்.

வாசிப்பில் மட்டும் எத்தனை சரி என்று தனியாகச் சொல்ல மாட்டார்களாம். இனி எப்போதும் தெரியப் போவதில்லை. பரவாயில்லை.

பக்கத்து அம்மாவின் மகன் கோட்டுக்கு நான்கு கீழே. இன்னொரு வருடம் இங்கேயே இருக்கப் போகிறார்கள். தவறுகள் நோட்டைக் கேட்டாள். தருகிறேன் என்று எடுத்துப் பார்த்தால், முதல் பக்கத்தில் நான் ஒட்டாத ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கருவாட்டு எண்ணெய் ஊறின அந்தப் பறவைத் தாள். சிவப்பில் நான்கு சரிக்குறி அப்படியே இருக்கின்றன. கீழே நிங்நிங்கின் கையெழுத்து: 'நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான்.' அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அப்படியே கொடுத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் இப்போது அவள் மகனுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், கேட்கிறது.

சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறோம். கடல் எப்போது உள்வாங்கும் என்று பார்த்து வையுங்கள். பறவைகள் போய்விட்டன என்று சொல்லிப் பார்த்தேன். அவை இறங்கின இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டுமாம்.

அவளுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும். அளவு முப்பத்தேழு. எனக்கும் ஒன்று.

பெய்ரோங்